கடலூர், புதுச்சேரி முகத்துவாரங்களுக்கு நெத்திலி ஃப்ளை: ஊருக்கு வருமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஃப்ளை என்பது முள்ளில் இழை கட்டிச் செய்யும் போலி இரை. அதை வீசும் எட்டு அல்லது ஒன்பதாம் எண் ஃப்ளை ராடை (தூண்டில் கழியை) நான்கு துண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிடலாம். சிக்கல் ஃப்ளையில்தான். கடலூர் முதுநகரிலும் புதுச்சேரியிலும் தூண்டில் நரம்பு, முள், ஈயம் எல்லாம் கிடைக்கும். ஃப்ளை கட்டும் சாமான் தேடி அலைந்தால் விடுமுறைதான் வீணாகும். ஆகவே சிலவற்றைக் கொண்டுவாருங்கள், சிலவற்றை இங்கே தையல் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொண்டுவர வேண்டியவை: சிறிய வைஸ் (முள்ளைப் பிடிக்கும் இடுக்கி), பாபின் (நூல் உருளையைப் பிடிக்கும் கருவி), துருப்பிடிக்காத எஃகு முள் 1/0 அளவில் இருபது, நடுத்தர டம்பெல் கண் (இரு முனையிலும் குண்டுள்ள உலோகக் கண்) இருபது, வெள்ளையிலும் ஆலிவ் பச்சையிலும் செயற்கை இழை ஒவ்வொரு பொட்டலம். முள்ளும் கத்தரியும் கைப்பையில் வேண்டாம், சரக்குப் பெட்டியில் போகட்டும். ஃப்ளை கட்ட வழக்கமாகப் பயன்படும் மான்வால் முடியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அது அமெரிக்க மானா, நம்மூர்ப் புள்ளிமானா என்று சுங்கத்தில் நிற்பவருக்குப் பார்த்ததும் தெரியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அங்கே நின்று விளக்கிக்கொண்டிருப்பது நல்ல தொடக்கம் இல்லை. அதேபோல் இங்கே சந்தையில் மயிலிறகு கண்ணில் பட்டால் ஆசைப்பட்டு வாங்கித் திரும்பக் கொண்டுபோகாதீர்கள், ஏற்றுமதிக்குத் தடை உண்டு.

இங்கே வாங்க வேண்டியவை: மெல்லிய நைலான் தையல் நூல், நிறமில்லாத நெயில் பாலிஷ், ஃபெவிக்விக், ஆரி வேலைக்கான வெள்ளி மெட்டாலிக் நூல். கடைசியில் சொன்னதில் மட்டும் கவனம் தேவை. செம்புக் கம்பி மேல் பூச்சு பூசிய ஜரிகை உப்புத் தண்ணீரில் கறுத்துவிடும். பிளாஸ்டிக் படலத்தாலான நூலைக் கேட்டு வாங்குங்கள். பருத்தி நூல் வேண்டாம், தடிமனாகி ஃப்ளையின் தலை உருண்டையாகிவிடும்.

கட்ட உட்காருமுன் மீன் அங்காடிக்குப் போய் ஒரு நெத்திலியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். முதுகில் பச்சை கலந்த சாம்பல், பக்கவாட்டில் ஒரே ஒரு வெள்ளிப் பட்டை, மற்றபடி கிட்டத்தட்டக் கண்ணாடி. நாம் கட்டப்போவது இதைத்தான். நீளம் ஆறு, ஏழு சென்டிமீட்டர் போதும்.

முள்ளின் வளைவை வைஸில் இறுக்குங்கள். நூலை முள் கண்ணுக்குக் கொஞ்சம் பின்னால் தொடங்கி நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், தண்டில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நிறுத்துங்கள். அங்கே தண்டின் மேல் டம்பெல் கண்ணைக் குறுக்கே வைத்து, எட்டு வடிவத்தில் ஒரு பன்னிரண்டு சுற்று. பிறகு கண்ணுக்கும் தண்டுக்கும் இடையில் கிடைவாட்டில் ஆறேழு சுற்று சுற்றி இழுத்தால் முதல் சுற்றுகள் இறுகும். ஒரு சொட்டு ஃபெவிக்விக். விரலால் திருகிப் பாருங்கள். அசைந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள், ஏனென்றால் இந்த இடம் தளர்ந்த ஃப்ளை நாலாவது வீச்சிலேயே சாய்ந்து பம்பரமாகச் சுற்றும்.

அடுத்து வெள்ளை இழை. விரலிடையில் முறுக்கினால் தீக்குச்சித் தடிமன் வர வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். டம்பெல் கண்ணுக்கு முன்னால் கட்டி, இரண்டு கண்களின் நடுவே பின்னால் கொண்டுபோய், கண்ணுக்குப் பின்புறம் தளர்வாக இரண்டு மூன்று சுற்று. இப்போது முள்ளை வைஸில் தலைகீழாகத் திருப்புங்கள். முனை மேலே வரும். கண்ணின் எடையால் தண்ணீரிலும் ஃப்ளை இப்படித்தான் நீந்தும், அதனால் வெள்ளைப் பக்கம் வயிறாகிவிடுகிறது. கண்ணுக்கு முன்னால் மெட்டாலிக் நூல் ஆறு முதல் எட்டு இழை, அதன் மேல் அதே தடிமனில் ஆலிவ் இழை. தலையைக் கூம்பாக முடித்து, விப் ஃபினிஷ் (நூலை அதன் மேலேயே சுற்றி இறுக்கும் முடிச்சு) போட்டு, நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு.

பெரும்பாலோர் கெடுப்பது இழையின் அளவில். வைஸில் பார்க்கும்போது ‘போதவில்லையே’ என்று தோன்றும், இன்னும் கொஞ்சம் சேர்ப்பார்கள். அது தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போகும், மெதுவாகத் தாழும், கடற்காற்றில் வீச்சும் விழாது. இரண்டாவது தவறு, இழை நுனியைக் கத்தரியால் நேராக வெட்டுவது. தூரிகை மாதிரி ஆகிவிடும். கத்தரியைச் சாய்த்துப் பிடித்து, ஓரிரு இழையாகக் கிள்ளிக் கூராக்குங்கள். இழை முள்வளைவில் சுற்றிக்கொள்கிறதென்றால் நீளம் அதிகம் என்று அர்த்தம், ஒரு சென்டிமீட்டர் குறையுங்கள்.

ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மூக்கு கீழே, முள்முனை மேலே என்று இறங்கினால் சரி.

எங்கே வீசுவது? கடலூரில் தென்பெண்ணை கடலில் சேரும் தாழங்குடா, புதுச்சேரியில் சுண்ணாம்பாறு முகத்துவாரம் இரண்டும் நடந்தே போகக்கூடியவை. நீர் வடிகிற நேரம், விடியற்காலை. கொடுவாவுக்கும் பாறை மீனுக்கும் அந்த வடியும் தண்ணீரில்தான் குஞ்சு மீன்கள் வந்து சிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஆறு செம்மண் கலங்கலாக வரும். அப்போது ஆலிவுக்குப் பதில் கறுப்பு முதுகு எடுபடும். லீடர் (ஃப்ளை நூலின் நுனியில் கட்டும் நரம்பு) 20 பவுண்டு, அதன் முனையில் 40 பவுண்டு நரம்பு அரை மீட்டர், முள் கண்ணில் வளைய முடிச்சு. கொடுவாவின் வாய் மெல்லிய நரம்பைத் தேய்த்து அறுக்கும். செவுள் மூடியின் ஓரம் கையையும் கிழிக்கும், அங்கே பிடிக்காதீர்கள்.

கரையில் வலை இழுக்கிறவர்கள் இருந்தால் “அண்ணே, இந்தப் பக்கம் போடலாமா?” என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். வலை எதுவரை போயிருக்கிறது என்று அவர்களே காட்டிவிடுவார்கள். ஞாயிறு மாலை தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் ஃப்ளை ராடை எடுக்கவே வேண்டாம். பின்வீச்சுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் வெறும் இடம் வேண்டும், அங்கே சுண்டல் விற்பவரும் குழந்தைகளும் அந்த இடத்தில்தான் இருப்பார்கள். எங்கே வீசினாலும் முள்ளின் எதிர்முள்ளை (முனையருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூரை) குறட்டால் நசுக்கிவிட்டுப் போங்கள்.