சிந்தி மக்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாறு எழுதப் பழகுகிற இளைஞர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. இன்று பாகிஸ்தானில் இருக்கும் சிந்து மாகாணத்தைச் சேர்ந்த சிந்திகளைப் பற்றி யார் எழுதினாலும், தொடக்கத்தில் நான் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். சிந்துவில் உள்ள ஹைதராபாத் என்றதும் தெலங்கானாவுக்குப் போய்விடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். வரைபடத்தைப் பார்த்தால் அது தீர்ந்துவிடும்.

பஞ்சாப் கதையைச் சிந்துக்குப் போடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. "1947இல் சிந்து இரண்டாகப் பிரிந்தது" என்று எழுதுகிறார்கள். பிரியவே இல்லை. பஞ்சாபையும் வங்காளத்தையும் பிளந்ததுபோல் அதைப் பிளக்கவில்லை. மாகாணம் முழுசாகப் பாகிஸ்தானுக்குப் போனது.

சமீபத்தில் ஒரு கட்டுரை வந்தது. ஆகஸ்ட் மாதம், கூரைமேல் ஆட்கள் தொற்றிக்கொண்ட ரயில், எரியும் ஊர்கள், நடுவே ஒரு சிந்திக் குடும்பம். உருக்கமான நடைதான், ஆனால் அது அப்படியே பஞ்சாப். சென்னையில் இருக்கும் ஒரு சிந்திப் பாட்டியிடம் படித்துக் காட்டினேன். "ரயிலா? கராச்சித் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்துக் கிடந்தோம். மூட்டையை அவிழ்த்துச் சோதனை போட்டார்கள். அம்மா கட்டி எடுத்துவந்த அப்பளத்தைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள்" என்றார்.

பஞ்சாப் பற்றியெரிந்த மாதங்களில் சிந்து ஓரளவு அமைதியாகவே இருந்தது. கிளம்பிப் போனவர்கள் உண்டு. எல்லாம் சரியாகிவிடும் என்று தங்கிய இந்துக்களும் நிறையப் பேர். இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் அகதிகளால் கராச்சி நிரம்பி வழிந்தது, வீட்டுக்கு நெருக்கடி முற்றியது. 1948 ஜனவரி 6 அன்று அங்கே கலவரம் வெடித்தது. அப்புறம் தங்கியவர்களும் மூட்டை கட்டினார்கள். பலர் கப்பலில் பம்பாய்க்கும் குஜராத் துறைமுகங்களுக்கும் வந்தார்கள். ஜோத்பூர் பக்கம் ரயிலில் வந்தவர்களும் உண்டு.

பஞ்சாபிகளுக்குக் கிழக்குப் பஞ்சாபும் வங்காளிகளுக்கு மேற்கு வங்கமும் மிஞ்சின. சிந்து மாகாணத்தில் ஒரு துண்டுகூட இந்தியப் பக்கம் வரவில்லை. அதனால்தான் கல்யாண் அருகே ராணுவ முகாமின் கொட்டகைகளில் குடும்பங்கள் தங்கின. 1949இல் அது உல்லாஸ்நகர் ஆனது. அதனால்தான் கட்ச் மண்ணில் காந்திதாம் என்று புது ஊரே கட்ட வேண்டியிருந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சிந்தி மொழி ஏறியது 1967இல்தான். வாதாட அதற்கென்று ஒரு மாநிலம் இல்லை. "இரண்டாகப் பிரிந்தது" என்று எழுதிவிட்டால், இவற்றில் எதற்கும் உங்களிடம் காரணம் இருக்காது.

எல்லாரையும் ஜவுளிக்கடையில் உட்கார வைப்பது

நம்மூரில் பார்த்த வணிகர்களை வைத்து ஒட்டுமொத்தச் சமூகத்தையும் எழுதிவிடுகிறார்கள். சிந்திகளில் மிகப் பெரும்பாலோர் சிந்துவிலேயே வாழும் முஸ்லிம்கள். அவர்களில் ஏராளமானோர் வடேரா எனப்படும் நிலக்கிழாரின் வயலில் உழைக்கும் ஹாரிகள். இந்துக்களிலும் வணிகம் செய்த பாய்பந்துகள் தனி, ஆங்கிலேயருக்கு முன் சிந்துவை ஆண்ட தால்பூர் மீர்கள் காலத்திலேயே அரசு உத்தியோகம் பார்த்த ஆமில்கள் தனி. இவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒருவர் வேண்டுமென்றால் சூஃபிக் கவிஞர் ஷா அப்துல் லத்தீப்பிடம் (1689–1752) போங்கள். நாட்டுப்புறக் கதை நாயகிகளான மாருயியும் சஸ்ஸுயியும் அவர் பாடல்களில் படும் பாடு அங்கே வீட்டுக்கு வீடு தெரியும்.

கோயில், தர்கா என்று கோடு போடுவது

சிந்துவில் உதேரோலால் என்ற ஊரில் ஒரே வளாகத்துக்குள் கோயிலும் மசூதியும் இருக்கின்றன. இந்துக்கள் அங்கே கும்பிடுவது தங்கள் தெய்வமான ஜூலேலாலை; முஸ்லிம்களுக்கு அவரே ஷேக் தாஹிர்.

மொகஞ்சதாரோ

அது சிந்துவில்தான் இருக்கிறது. ஆனாலும் சிந்திகளின் கதையை அங்கிருந்து தொடங்க வேண்டாம். கீழடிக்குத் தாவவும் வேண்டாம்.

சிந்திக் கடி

கடி என்பது குழம்பு. மோர்க்குழம்பு என்று எழுதிவிடாதீர்கள், சிந்திக் கடியில் தயிர் கிடையாது. கடலை மாவும் புளியும்.

உருதுப் பலகையின் படம்

சிந்தி எழுத்து என்று உருதுப் பலகையின் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். சிந்தியை இந்தியாவில் தேவநாகரியிலும் எழுதுகிறார்கள், அரபி எழுத்திலும் எழுதுகிறார்கள். பாகிஸ்தானில் 52 எழுத்துகள் கொண்ட அரபி வரிவடிவம்தான். படம் போடும் முன் புள்ளிகளைப் பாருங்கள். இன்றைய உருதுவில் நான்கு புள்ளி வைத்த எழுத்து கிடையாது, சிந்தியில் உண்டு.