போட் யார்டுல வேலைக்கு சேரப் போறீங்களா? மேல ஏறுறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க

காட்பாடிக்காரன் படகு கட்டுறதப் பத்தி எழுதுனா ஊர்ல சிரிப்பாங்க, தண்ணி இல்லாத ஆறுன்னு பேர் வாங்குன பாலாத்தங்கரையில பொறந்தவனுக்கு இன்னாடா படகுன்னு. ஆனா நம்ம பக்கம் ஐடிஐ முடிச்ச வெல்டர், ஃபிட்டர் பசங்க ராணிப்பேட்டை சிப்காட்ல எடம் கிடைக்கலன்னா கடலூர், காசிமேடுன்னு யார்டு வேலைக்கு போறாங்க, நானும் அப்படிப் போனவன்தான், இப்ப எங்க அக்கா பையன் பெட்டி கட்டிக்கினு இருக்கான்.

அவன் கேட்டான், "படகு பத்தடி உயரம் தானே மாமா, நம்ம மொட்டை மாடி அவ்ளோ இருக்குமே"ன்னு. டேய், மொட்டை மாடிக்கு கைப்பிடிச் சுவர் இருக்கு. கட்டிக்கினு இருக்குற படகுல டெக், அதாவது மேல்தளம், போட்டதும் மேல ஏறி வேலை ஆரம்பிச்சிடுவாங்க, சுத்தி வர்ற தடுப்பு அப்புறமாத்தான் ஏறும். கீழயும் மண்தரை கிடையாது, முட்டுக்கட்டை, ஜாக்கி, வெட்டிப் போட்ட ஆங்கிள் இரும்புத் துண்டு.

1. முதல்ல படகை ஒரு சுத்து சுத்தி வாங்க

படகோட கனத்த தாங்குறது அடிக்கட்டைக்கு கீழ இருக்குற முட்டுக்கட்டைங்க. ரெண்டு பக்கமும் நிக்கிற ஜாக்கி படகு சாயாம பிடிச்சிக்கினு இருக்கு, அவ்ளோதான். அதனால வழிய மறைக்குதுன்னு யாரும் ஒரு ஜாக்கிய எடுத்துடக் கூடாது. வெயிலுக்கு கட்டுற தார்ப்பாய் கயித்தையும் ஜாக்கியில கட்டாதீங்க, காத்து அடிச்சா பாய் இழுக்கும், பாய் ஜாக்கிய இழுக்கும், அப்புறம் நீங்க நிக்கிற படகே சாயும்.

2. ஏணி

4 அடி உயரத்துக்கு 1 அடி தள்ளி கால் வைக்கணும்னு ஐடிஐ-லயே சொல்லியிருப்பாங்க. 12 அடி டெக்னா 3 அடி. புதுசா வர்ற பசங்க தப்பு பண்றது எங்கன்னா, அந்த 3 அடிய படகோட அடியிலருந்து அளப்பாங்க. படகு மேல அகலம், கீழ குறுகல், அதனால ஏணி சாயுற விளிம்புக்கு நேர் கீழ தரையில ஒரு புள்ளி வச்சு அங்கருந்து அளக்கணும். டெக்குக்கு மேல ஏணி 3 அடி நீட்டிக்கினு இருக்கணும், அப்பதான் இறங்குறப்ப பிடிக்க கைக்கு ஏதாவது கிடைக்கும். விளிம்பு வளைவா இருக்கும், ஃபைபர் படகுன்னா வழவழன்னு வேற இருக்கும், ஏணி பக்கவாட்டுல சறுக்கும். ரெண்டு பக்கமும் கயிறு போட்டு படகுல பலமா இருக்குற எடத்துல கட்டுங்க. மிஷின கையில தூக்கிக்கினு ஏறாதீங்க, மேல போய் கயித்துல இழுத்துக்கோங்க.

3. சாரம்

வீட்டுச் செவுரு நேரா நிக்கும், படகு வயிறு கீழ போகப் போக உள்ள வாங்கும். அதனால கீழ் அடுக்கு சாரத்துக்கும் படகுக்கும் நடுவுல ஒரு ஆளு நுழையுற அளவு சந்து வரும். கிரைண்டிங் பண்றவன் படகப் பார்த்துக்கினு முன்னாடி சாய்வான், சந்துல கால் போகும். ஒவ்வொரு அடுக்குலயும் பலகைய படகு கிட்ட வரைக்கும் நகர்த்தித் தரச் சொல்லுங்க. பலகை ரெண்டு முனையும் கட்டியிருக்கான்னு ஏறுறதுக்கு முன்னாடியே பாருங்க, கட்டாத பலகை நுனிய மிதிச்சா ஏத்தப்பலகை மாதிரி மறுமுனை தூக்கும்.

4. டெக்ல இருக்குற ஓட்டைங்க

இதுல நானே விழுந்தவன். மீன் போடுற ஐஸ் கிடங்குக்கு விட்ட ஓட்டைய யாரோ மெல்லிசு பிளைவுட்ட போட்டு மூடி வச்சிருந்தாங்க, மேல கிரைண்டிங் தூசு படிஞ்சு டெக் கலர்லயே இருந்துச்சு. வெல்டிங் கேபிள இழுத்துக்கினு பின்னாடியே நடந்தேன், எட்டடி கீழ போயிட்டேன். கணுக்கால் உடைஞ்சு மூணு மாசம் வீட்ல, புத்தூர் கட்டு போட்டுக்கினு அக்கா கையால ரசம் சாதம். ஓட்டைய மூடணும், இல்லன்னா வேலி போடணும்னு பழைய 1948 ஃபேக்டரி சட்டம் 33-வது பிரிவுலயே அப்பவே எழுதிட்டாங்க, எழுதி இன்னா பண்றது. மூடி தடிமனா, நகராம ஆணி போட்டு, மேல பெயிண்ட்ல "ஓட்டை"ன்னு பெருசா எழுதியிருக்கணும். எழுதலன்னா நீங்களே சாக்பீஸ்ல எழுதுங்க, யாரும் அடிக்க மாட்டாங்க. பின்னாடி நடக்குறத அடியோட விட்டுடுங்க.

5. பெல்ட்

இடுப்பு பெல்ட் வேணாம், தோள், தொடை எல்லாம் சேத்து மாட்டுற ஃபுல் பாடி ஹார்னஸ் கேளுங்க, லேபிள்ல ஐஎஸ் 3521-ன்னு இந்தியத் தர நம்பர் இருக்கும். ஆனா ஹார்னஸ் போட்டுட்டா போதும்னு நினைக்காதீங்க, கொஞ்சம் கணக்கு போடுங்க. கயிறு 6 அடி, கயித்தோட இருக்குற அதிர்ச்சி தாங்குற பை பிரிஞ்சா இன்னும் 3.5 அடி, முதுகு வளையத்துலருந்து கால் வரைக்கும் 5 அடி, மிச்சம் 3 அடியாவது காலியா இருக்கணும். மொத்தம் 17.5 அடி. கால்கிட்ட டெக்லயே கொக்கி மாட்டிக்கினு 12 அடி டெக்லருந்து விழுந்தா, கயிறு உங்கள நிறுத்துறதுக்குள்ள தரைய தொட்டுடுவீங்க. அதனால தலைக்கு மேல பெரிய பீம்ல மாட்டணும், அதுவும் 2 டன்னுக்கு மேல இழுப்பு தாங்குற பீமா இருக்கணும், கூரை ஷீட் தாங்குற சின்ன ஆங்கிள்ல மாட்டிடாதீங்க. கார் சீட் பெல்ட் மாதிரி தானா சுருட்டிக்கிற டைப் இருந்தா இன்னும் நல்லது. என்னைக் கேட்டா பெல்ட்டுக்கு முன்னாடி டெக்க சுத்தி மூணரை அடி உயரத்துல பைப் தடுப்பும் நடுவுல ஒரு பைப்பும் தற்காலிகமா வெல்டு பண்ணச் சொல்லுவேன், ஒரு நாள் வேலைதான்.

ஃபைபர் வேலைக்குப் போறவங்க, ஃபைபர்ல தடவுற ரெசின் பசை வாசனையில தலை சுத்துற மாதிரி இருந்தா உடனே இறங்கிடுங்க, காத்தாட நின்னுட்டு அப்புறம் ஏறுங்க.

அக்கா பையன் இதெல்லாம் கேட்டுட்டு "இதுல நான் இன்னா எடுத்துக்கினு போகணும் மாமா"ன்னு கேட்டான். 20 அடி நைலான் கயிறு, டேப், ரெண்டு சாக்பீஸ், வழுக்காத ஷூ. சாக்பீஸ் பையில போட்டாச்சு, ஷூ வாங்க சாயந்திரம் அவன கூட்டிக்கினு வேலூர் போறேன்.