கலிஃபோர்னியாவில் கார்டு கார்டு: கைரேகையில் மாட்டிக்கொள்ளாமல் வாங்குவது எப்படி?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கலிஃபோர்னியாவில் செக்யூரிட்டி வேலை பார்க்கத் தேவைப்படும் உரிமத்தை எல்லோரும் 'கார்டு கார்டு' என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் எழுதும்போது ஒரே சொல்லை இரண்டு முறை எழுதிவிட்டது போல இருக்கும். முதல் கார்டு காவலர், இரண்டாவது கார்டு அட்டை.

இதை வழங்குவது பிஎஸ்ஐஎஸ் என்ற மாநில அலுவலகம். நுகர்வோர் விவகாரத் துறையின் கீழ் இயங்கும் இந்த அலுவலகத்திடம்தான் காவலர்கள் மட்டுமல்ல, பூட்டுத் தொழில் செய்பவர்கள், தனியார் துப்பறிவாளர்கள், அலாரம் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் பதிவு செய்ய வேண்டும். இனி இந்தப் பதிவில் 'பீரோ' என்று வந்தால் அது இந்த அலுவலகம்தான்.

என் சித்தப்பா 58 வயதில் கிரீன் கார்டில் இங்கே வந்தார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் இந்த வேலைக்குப் போக நினைத்தார். பயிற்சி ஒரே நாளில் முடிந்தது, தேர்வும் அப்படித்தான். ஆனால் பின்னணிச் சோதனைக்கான கைரேகை எங்களை இரண்டு மாதம் அலைய வைத்தது. அவர் மேல் எந்த வழக்கும் கிடையாது. எங்கள் தாமதத்துக்குக் காரணம் ஒரு பிறந்த தேதியும் தேய்ந்துபோன பத்து விரல்களும்தான். அந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: அடிப்படைத் தகுதி

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். கைது செய்யும் அதிகாரம், பலப்பிரயோகம் ஆகியவை பற்றிய 8 மணி நேரப் பயிற்சியை முடித்து, அதற்கான தேர்வில் நூற்றுக்கு நூறு எடுக்க வேண்டும். நூறா என்று பயப்பட வேண்டாம், பாடத்தைக் கவனித்துக் கேட்டவர்களுக்குச் சிரமம் இருக்காது. மொத்தப் பயிற்சி 40 மணி நேரம். மிச்சமுள்ள 32 மணி நேரத்தில் பாதியை வேலை தொடங்கிய 30 நாளுக்குள்ளும் மறுபாதியை ஆறு மாதத்துக்குள்ளும் முடித்தால் போதும்.

சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்கள் ஐடிஐஎன் என்ற வரி அடையாள எண்ணைக் கொடுத்து விண்ணப்பிக்கலாம். ஆனால் உரிமம் வேறு, நாட்டில் வேலை செய்யும் அனுமதி வேறு. கார்டு கையில் இருப்பதாலேயே விசா சிக்கல் தீர்ந்துவிடாது.

படி 2: சரியான படிவம்

பலர் தடுக்கி விழும் முதல் இடம் இது. கைரேகை எடுக்கும் முறைக்கு இங்கே லைவ் ஸ்கேன் என்று பெயர். மை கிடையாது, கண்ணாடி மேல் விரலை உருட்டினால் கணினியில் பதிவாகிவிடும். அதற்கான விண்ணப்பப் படிவத்தை பீரோவின் இணையதளத்திலிருந்துதான் இறக்க வேண்டும். ஒவ்வொரு உரிமத்துக்கும் தனித்தனிப் படிவம் உண்டு. முடிவு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், எந்த உரிமத்துக்கானது என்ற விவரங்கள் படிவத்தின் மேல்பகுதியில் முன்கூட்டியே அச்சாகியிருக்கும்.

ஆகவே நண்பர் வேறு உரிமத்துக்குப் பயன்படுத்திய படிவத்தை நகல் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒப்பந்தக் கம்பெனி மூலம் வேலை பார்க்கும் காவலருக்கு ஒரு படிவம். ஒரு நிறுவனம் தன் கட்டடத்துக்காகத் தானே நேரடியாக நியமிக்கும் காவலருக்கு வேறு பதிவு, வேறு படிவம். தவறான படிவத்தில் எடுத்தால் முடிவு தவறான கோப்புக்குப் போய்விடும். மறுபடி காசு கட்டி மறுபடி எடுப்பதைத் தவிர வழியில்லை.

அடிக்கடி வரும் ஒரு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். "போன வருஷம்தான் பள்ளிக்கூட வேலைக்குக் கைரேகை கொடுத்தேன், அதையே வைத்துக்கொள்ள முடியாதா?" முடியாது. ஓர் அலுவலகத்துக்காக எடுத்த பின்னணிச் சோதனையின் முடிவை இன்னோர் அலுவலகத்துக்குத் தரமாட்டார்கள்.

படி 3: படிவத்தை நிரப்புதல்

நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது. சித்தப்பா விஷயத்தில் நாங்கள் கோட்டை விட்டதும் இங்கேதான்.

*பெயர்.* நம் ஆட்களுக்குத் தலைவலியே இதுதான். ஓர் ஆவணத்தில் இனிஷியல் மட்டும் இருக்கும். இன்னொன்றில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயராகி, கடைசிப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். மூன்றாவதில் முன்னும் பின்னும் மாறிக் கிடக்கும். விதி எளிது: லைவ் ஸ்கேனுக்கு எந்த அடையாள அட்டையைக் காட்டப்போகிறீர்களோ, அதில் உள்ளபடி எழுத்து மாறாமல் எழுதுங்கள். பீரோவுக்கு அனுப்பும் விண்ணப்பத்திலும் அதே பெயர். மற்ற வடிவங்களையும், திருமணத்துக்கு முன் இருந்த பெயரையும் 'வேறு பெயர்கள்' என்ற கட்டத்தில் எழுதுங்கள். எதையோ மறைப்பதாக நினைப்பார்களோ என்று சிலர் அதைக் காலியாக விடுகிறார்கள். எழுதாமல் விட்ட பெயர் பின்னால் தெரியவந்தால்தான் சந்தேகம் வரும்.

*பிறந்த தேதி.* இங்கே மாதம் முன்னால், நாள் பின்னால். சித்தப்பா வழக்கப்படி நாளை முன்னால் எழுதிவிட்டார். அவர் பிறந்த நாள் 7, மாதம் 11. படிவத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்த, ரேகை எடுக்கும் கடைக்காரர் ஜூலை 11 என்று ஏற்றினார். 25ஆம் தேதி பிறந்திருந்தால் கணினியே மறுத்திருக்கும். 12க்குள் நாளும் மாதமும் இருப்பவர்கள் இரட்டைக் கவனம் எடுங்கள்.

*உயரம், எடை, கண் நிறம்.* உயரம் அடி அங்குலத்தில், எடை பவுண்டில். கண் நிறம் கேட்பார்கள். கண்ணுக்குக் கறுப்பைத் தவிர வேறு நிறம் இருக்கிறதா என்று சித்தப்பா என்னிடம் கேட்டார். ஓட்டுநர் உரிமத்திலோ மாநில அடையாள அட்டையிலோ என்ன போட்டிருக்கிறதோ அதையே எழுதுங்கள், பெரும்பாலும் பிரவுன் என்றிருக்கும்.

*முகவரி.* ரேகை நிராகரிக்கப்பட்டால் அந்தச் செய்தி முதலில் பீரோவுக்குப் போய், அங்கிருந்து கடிதமாகத்தான் உங்களுக்கு வரும். வீடு மாறப் போகிறீர்கள் என்றால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ரேகை எடுப்பவருக்கு, ஒன்று விண்ணப்பத்தோடு சேர்க்க, ஒன்று உங்களுக்கு.

படி 4: விரலைத் தயார்செய்தல்

ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். சிரிக்காதீர்கள்.

ரேகை என்பது தோலில் உள்ள மேடும் பள்ளமும். மேடு கண்ணாடியில் படும், பள்ளம் படாது. அந்த வித்தியாசத்தைத்தான் கருவி படிக்கிறது. தோல் வறண்டிருந்தால் மேடு சரியாகப் படியாமல் கோடு விட்டுவிட்டுத் தெரியும். ஈரமாக இருந்தால் பள்ளம் நிரம்பி எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். சித்தப்பா முப்பது வருடம் லேத் பட்டறையில் இரும்போடு வேலை செய்தவர், மேடே பாதி தேய்ந்துபோயிருந்தது. கட்டட வேலை செய்தவர்கள், ஓயாமல் கை கழுவும் செவிலியர்கள், பாத்திரம் தேய்க்கும் வேலை பார்த்தவர்கள், வயதானவர்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் வரலாம்.

என்ன செய்யலாம்? ஒரு வாரம் தினமும் இரவில் மாய்ச்சரைசர் கிரீம் தடவுங்கள். ஆனால் எடுக்கப் போகும் அன்று தடவ வேண்டாம், பிசுபிசுப்பு ரேகையைக் கெடுக்கும். அந்த வாரம் பாத்திரம் கழுவக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். விரல் நுனியில் வெட்டோ கொப்புளமோ இருந்தால் ஆறும் வரை தள்ளிப்போடுங்கள்.

படி 5: ரேகை எடுக்கும் நாள்

சில காவல் நிலையங்கள், பார்சல் கடைகள், தனியார் மையங்கள் எனப் பல இடங்களில் லைவ் ஸ்கேன் எடுக்கிறார்கள். பட்டியல் மாநில நீதித்துறையின் இணையதளத்தில் இருக்கிறது. இதை எழுதும் நேரத்தில் மாநில நீதித்துறைக்கு 32 டாலர், எஃப்பிஐக்கு 17 டாலர். இந்த 49 டாலர் எங்கே போனாலும் மாறாது. இதற்கு மேல் ரேகை எடுக்கும் கூலி இடத்துக்கு இடம் மாறும், அதனால் இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். மலிவாக இருப்பதைவிட, வயதானவர்களுக்குப் பொறுமையாக எடுப்பவரா என்று பார்ப்பது முக்கியம் என்பேன்.

காலாவதியாகாத, புகைப்படம் உள்ள அசல் அடையாள அட்டை வேண்டும். நகல் செல்லாது.

பத்து விரலையும் நகத்தின் ஓரம் முதல் மறு ஓரம் வரை ஒவ்வொன்றாக உருட்டுவார்கள். பிறகு நான்கு விரல்களைச் சேர்த்து இரண்டு கைக்கும், கடைசியாகக் கட்டைவிரல்களுக்கும் தட்டையாக ஒரு பதிவு. நீங்கள் உதவி செய்வதாக நினைத்து விரலை அழுத்தாதீர்கள், கையைத் தளர்த்தி அவர் போக்கில் விட்டுவிடுங்கள். நாம் அழுத்தினால்தான் ரேகை கலங்கும்.

அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் திரையைக் காட்டச் சொல்லுங்கள். பெயர், பிறந்த தேதி, உரிம வகை மூன்றையும் நீங்களே படியுங்கள். கூச்சப்பட வேண்டாம். நாங்கள் கூச்சப்பட்டதன் விலை மூன்று வாரம்.

கிளம்பும் முன் படிவத்தின் அடியில் ஏடிஐ எண், அதாவது உங்கள் ரேகைப் பதிவுக்கான அடையாள எண், எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து பத்து இடம் இருக்கும். அதை உடனே போனில் படம் எடுத்துவிடுங்கள். அந்தத் தாள் தொலைந்தால் உங்கள் ரேகை எங்கே இருக்கிறது என்று கேட்கக்கூட முடியாது.

வேறு மாநிலத்தில் இருந்து விண்ணப்பிப்பவர்கள் மை தடவி அட்டையில் எடுத்துத் தபாலில் அனுப்பலாம். இதைவிட மெதுவான வழி அது.

படி 6: விண்ணப்பம், காத்திருப்பு

பீரோவின் ப்ரீஸ் என்ற இணைய வழியில் விண்ணப்பித்து, பயிற்சிச் சான்றையும் லைவ் ஸ்கேன் நகலையும் சேருங்கள். ரேகை முதலில் மாநில நீதித்துறைக்குப் போகும், அங்கிருந்து எஃப்பிஐக்கு. இரண்டு இடத்திலும் பழைய குற்றப் பதிவு எதனோடும் ரேகை பொருந்தவில்லை என்றால் பெரும்பாலும் மூன்று நாளுக்குள் முடிவு வந்துவிடும். ஏதாவது பொருந்தினால் கணினி ஒதுங்கிக்கொண்டு ஓர் ஊழியர் பழைய கோப்புகளைப் பார்க்க வேண்டும், அதற்குக் காலக்கெடு கிடையாது. சில சமயம் கைது பதிவாகியிருக்கும், நீதிமன்றத் தீர்ப்பு பதிவாகியிருக்காது. அதைத் தேடிப் பிடிப்பதற்குள் வாரக்கணக்கில் ஓடிவிடும்.

நிலவரத்தை ஏடிஐ எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்து நீதித்துறை இணையதளத்தில் பார்க்கலாம். எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மட்டும் காட்டும், உள்ளே என்ன கண்டார்கள் என்று காட்டாது.

ரேகை தெளிவில்லை என்று கடிதம் வந்தால் பதற வேண்டாம். மறுபடி போகும்போது அந்தக் கடிதத்தையும் எடுத்துப்போய், மறுசமர்ப்பிப்புக் கட்டத்தில் பழைய ஏடிஐ எண்ணைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் அரசுக் கட்டணம் இரண்டாம் முறை கிடையாது, எடுப்பவரின் கூலி மட்டும் இருக்கலாம். இரண்டாம் முறையும் நிராகரித்தால் பெயரை வைத்துத் தேடும் வழி இருக்கிறது. சித்தப்பாவுக்கு அதுதான் கைகொடுத்தது.

பழைய வழக்கு இருந்தால்?

இதைப் பற்றித்தான் ஆட்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். 2020 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் விதி தளர்ந்திருக்கிறது. குற்றவரலாற்றை நீங்களே எழுதித் தர வேண்டும் என்று உரிம அலுவலகம் கட்டாயப்படுத்த முடியாது. கைது மட்டும் ஆகி, தண்டனை இல்லை என்றால் அதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. தண்டனை இருந்தாலும் பொதுவாகக் கடந்த ஏழு ஆண்டுக்குள் நடந்ததாகவும், இந்தத் தொழிலோடு தொடர்புள்ளதாகவும் இருக்க வேண்டும். கொடுங்குற்றங்களுக்கு இந்த ஏழு ஆண்டு வரம்பு பொருந்தாது. நீதிமன்றம் பின்னர் தள்ளுபடி செய்த தண்டனையை வைத்தும் மறுக்கக் கூடாது.

விவரம் கேட்டு பீரோவிடமிருந்து கடிதம் வந்தால் அதில் உள்ள தேதிக்குள் நீதிமன்றத் தாள்களை அனுப்புங்கள். அதற்குப் பிறகு எப்படி மாறினீர்கள் என்பதைச் சுருக்கமாக எழுதுங்கள், வேலை கொடுத்தவர் கடிதம் இருந்தால் சேருங்கள். நீதிபதி முன் கெஞ்சுவது போல நான்கு பக்கம் எழுத வேண்டாம்.

பழைய பதிவில் என்ன இருக்கிறதோ என்று மனம் அடித்துக்கொண்டால் முன்கூட்டியே உங்கள் பதிவை நீங்களே வாங்கிப் பார்க்கலாம். மாநிலப் பதிவுக்கு 25 டாலர், எஃப்பிஐ பதிவுக்கு 18 டாலர். தவறு இருந்தால் திருத்தக் கோரலாம். ஆனால் இது உங்கள் பார்வைக்கு மட்டும், விண்ணப்பத்துக்கான லைவ் ஸ்கேனைத் தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

கார்டு வந்த பிறகு

பீரோவின் தேடல் பக்கத்தில் உங்கள் பெயர் வரும் வரை சீருடை போடாதீர்கள், கம்பெனி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. துப்பாக்கி வைத்திருக்க வேண்டிய வேலை என்றால் அதற்குத் தனி அனுமதி, தனி லைவ் ஸ்கேன்.

உரிமம் இரண்டு ஆண்டு செல்லும். உங்கள் ரேகை நீதித்துறையிடம் இருந்துகொண்டே இருக்கும். இடையில் இந்த மாநிலத்தில் கைதானால் பீரோவுக்குத் தானாகத் தகவல் போய்விடும். காலாவதியாகி 60 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் புது விண்ணப்பம்தான், அப்புறம் மறுபடி படி 2, மறுபடி விரல். சித்தப்பா அந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார், மாதத்தை முன்னால் எழுதி.