இந்தியா கேட் சுதந்திரச் சின்னம் இல்லை: டெல்லி போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லியில் இறங்கியதும் நேரே இந்தியா கேட் போய், முன்னால் நின்று போட்டோ எடுத்து, 'சுதந்திரத்துக்காக உயிர்விட்டவர்களின் நினைவிடம்' என்று ஸ்டேட்டஸ் போட்டுவிடுகிறோம். முதல் தவறே அதுதான். 1931இல் திறந்த அந்த வளைவு, முதல் உலகப் போரிலும் 1919 ஆப்கன் போரிலும் பிரிட்டிஷ் பேரரசுக்காகச் சண்டை போட்டுச் செத்த சிப்பாய்களுக்கு வெள்ளைக்காரன் கட்டியது. அதில் செதுக்கியிருக்கிற 13,000க்கும் மேற்பட்ட பெயர்களில் விடுதலைப் போராட்டத் தியாகிகளைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். 1972இல் அங்கே, போரில் உயிர்விட்ட இந்திய வீரர்களுக்கான அணையாச் சுடரான அமர் ஜவான் ஜோதியை ஏற்றித்தான் அதை நம்முடையதாக்கிக்கொண்டோம். 2022இல் அந்தச் சுடரையும் பக்கத்திலிருக்கும் தேசியப் போர் நினைவிடத்தின் சுடரோடு சேர்த்துவிட்டார்கள்.

இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு, எடுக்கப்பட்டதைக் கேட்காமல் வருவது அடுத்த தவறு. அங்கேயே சற்றுத் தள்ளி ஒரு கல்மண்டபம் இருக்கிறது, இல்லையா? அதில் முதலில் நின்றவர் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். 1968இல் அவரைத் தூக்கி, வடக்கு டெல்லியில் கொரோனேஷன் பார்க்கில் கொண்டுபோய் வைத்தார்கள். அப்புறம் காந்தி சிலை வைக்கலாமா என்ற பேச்சோடு அரை நூற்றாண்டுக்கு மேல் மண்டபம் காலியாகவே கிடந்து, 2022இல்தான் நேதாஜி வந்தார். ராஜாவை இறக்குவது சுலபமாக இருந்திருக்கிறது, அந்த இடத்தில் யார் என்பதில்தான் இத்தனை இழுபறி. எனக்கு என்னவோ இன்றைய சிலையைவிட அந்தக் காலி மண்டபம்தான் நம்மைப் பற்றி அதிகம் சொன்னதாகத் தோன்றுகிறது. எதிரே போகிற சாலைக்கும் கிங்ஸ்வே, ராஜ்பத், கர்தவ்ய பத் என்று மூன்று பெயர். (முதல் மாற்றம் கிட்டத்தட்ட வெறும் மொழிபெயர்ப்பு!)

சரி, செங்கோட்டை. ஷாஜஹான் அரண்மனை என்று மட்டும் பார்த்தால், பிரதமர் ஏன் அங்கே கொடியேற்றுகிறார் என்பது புரியாது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் உள்ளே இருந்த மாளிகைகளில் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் பட்டாளத்துக்குக் குடியிருப்புகள் கட்டினார்கள். கடைசி முகலாயர் பகதூர் ஷாவை 1858இல் விசாரித்ததும், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ (ஐஎன்ஏ) அதிகாரிகளை 1945இல் கூண்டில் ஏற்றியதும் இதே கோட்டைக்குள்தான். நேரு அங்கே முதலில் கொடியேற்றியது 1947 ஆகஸ்ட் 16, பலரும் நினைப்பதுபோல 15 அல்ல. பளிங்கு மண்டபங்களைப் பார்த்த கையோடு வெளியே வந்துவிடாமல், அந்தப் பட்டாளக் கட்டடங்கள் பக்கமும் ஒரு நடை போய்வாருங்கள். அதில் ஒன்றில் இப்போது நேதாஜி, ஐஎன்ஏ அருங்காட்சியகம் இருக்கிறது.