வெளிநாட்டு நெட்வொர்க் கருவி வேவு பார்க்கிறதா? வெளியே நின்று சோதிக்கும் முறை

எந்த நாட்டுக் கருவி ஆபத்தானது என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏ.ஜி. நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சங்கேதக் கருவிகள் விற்றது. நடுநிலை நாட்டுச் சரக்கு என்று நம்பி வாங்கினார்கள். 1970 முதல் அந்த நிறுவனத்தின் ரகசிய உரிமையாளர்கள் உளவு அமைப்புகளான அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் மேற்கு ஜெர்மனியின் பி.என்.டி.யும்தான் என்பது 2020 பிப்ரவரியில் வெளிப்பட்டது. ஆகவே, தன் கையால் செய்யாத எந்தக் கருவிக்கும் சோதனை ஒன்றே.

அந்தச் சோதனைக்கு அடிப்படை விதி ஒன்று உண்டு: கருவியைப் பற்றி அதனிடமே விசாரிக்கக் கூடாது. 2004-05இல் ஏதென்ஸில் வோடஃபோன் நிறுவனத்தின் எரிக்சன் ஸ்விட்சுகளில் (அழைப்புகளை இணைக்கும் தொலைபேசிக் கருவிகளில்) யாரோ வேவு மென்பொருளைப் புகுத்தி, கிரேக்கப் பிரதமர் உட்பட நூறு பேருக்கு மேற்பட்டோரின் செல்பேசி அழைப்புகளை ஒட்டுக்கேட்டார்கள். சட்டபூர்வ ஒட்டுக்கேட்புக்கென்று ஸ்விட்சிலேயே இருந்த வசதியைத்தான் பயன்படுத்தினார்கள். ஓடும் நிரல்களின் பட்டியலில் தன் பெயர் வராதபடி அந்த மென்பொருள் தன்னை மறைத்துக்கொண்டது. ஸ்விட்சின் திரையைப் பார்த்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது.

முதல் வேலை, கணக்கெடுப்பு

ரவுட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால் மூன்றையும் எல்லோரும் எழுதிவிடுவார்கள். விட்டுப்போவது வேறு: கண்காணிப்புக் கேமராவும் அதன் பதிவுப் பெட்டியும், கதவு திறக்கும் அட்டை இயந்திரம், யு.பி.எஸ்.ஸின் நெட்வொர்க் அட்டை, பிரின்டர், சூரிய மின் இன்வெர்ட்டர், மின்தூக்கியில் பழுது பார்க்க வைத்த சிம் மோடம். ஒவ்வொன்றுக்கும் மாடல், தொடர் எண், மேக் முகவரி (வலையில் கருவியை அடையாளம் காட்டும் எண்), ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) பதிப்பு, தொலைவிலிருந்து யார் நுழைய முடியும் என்ற ஐந்தையும் குறியுங்கள். பிறகு வலையில் உள்ள கருவிகளைத் தேடும் என்மேப் மென்பொருளைக் கொண்டு முழு வலையையும் துழாவி, வந்த முடிவைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லாத மேக் முகவரி ஒன்றாவது அநேகமாகக் கிடைக்கும். சிம் போட்ட மோடம் மட்டும் இந்தத் துழாவலில் சிக்காது. அதைக் கருவியின் மூடியைத் திறந்து கண்ணால்தான் தேட வேண்டும்.

சர்வர்களில் பி.எம்.சி. என்ற, சர்வரைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் மேலாண்மைச் சிப்பைத் தவறவிடாதீர்கள். சர்வர் அணைந்திருந்தாலும் மின்சாரம் இருக்கும்வரை அது விழித்திருக்கும். அதற்கென்று உள்ள தனிப் போர்ட்டில் கேபிள் செருகாமல் விட்டால் பாதுகாப்பு என்று நினைப்பது பெரிய தவறு. பல சர்வர்களில் தனிப் போர்ட் காலியாக இருந்தால் பி.எம்.சி. தானாகவே முதன்மைப் போர்ட்டைப் பகிர்ந்துகொள்ளும். பயாஸ் (சர்வர் தொடங்கும்போது ஓடும் அடிப்படை நிரல்) அமைப்பில் 'தனிப் போர்ட் மட்டும்' என்று நிலைநிறுத்துங்கள்.

சோதனை மேடையில் முப்பது நாள்

புதிய கருவியை நேரே வேலையில் இறக்காதீர்கள். தனி வலையில், பொய்யான ஆனால் உயிருள்ள தரவுப் போக்குவரத்தோடு 30 நாள் ஓட விடுங்கள். ஒரு வாரம் போதாது. 2020இல் அம்பலமான, நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் நிறுவனமான சோலார்விண்ட்ஸ் வழி நடந்த தாக்குதலில், புகுத்தப்பட்ட நிரல் இரண்டு வாரம்வரை அசையாமல் கிடந்துவிட்டுத்தான் வெளியே பேசத் தொடங்கியது.

போக்குவரத்தை முழுதாகப் பதிவுசெய்ய டிசிபிடம்ப் என்ற மென்பொருள் போதும். சராசரி 2 மெகாபிட் வேகத்தில் ஒரு நாளுக்கு 21.6 ஜிபி, 30 நாளுக்கு 648 ஜிபி ஆகும். 1 டெராபைட் வட்டு தாங்கும். பதிவுசெய்யும் புள்ளி சந்தேகத்துக்குரிய கருவிக்கு வெளியே இருக்கட்டும். அதன் மிரர் போர்ட்டை (மற்ற போர்ட்டுகளின் போக்குவரத்தை நகலெடுத்துத் தரும் போர்ட்) நம்பினால், தான் அனுப்புவதை அது காட்டாமல் விடலாம். ஃபைபர் என்றால் ஒளிப் பிரிப்பான் போடுங்கள். காப்பர் என்றால் வேறொரு நிறுவனத்தின் ஸ்விட்சை நடுவில் வைத்து அதன் மிரர் போர்ட்டில் எடுங்கள். 1 கிகாபிட் இணைப்பு இரு திசையும் நிறைந்தால் 2 கிகாபிட் ஆகும். 1 கிகாபிட் மிரர் போர்ட்டில் பாதி பேக்கெட் (தரவுத் துண்டு) சத்தமில்லாமல் கீழே விழும். சோதனைப் போக்குவரத்தைக் குறைவாக வைப்பதற்குக் காரணம் இதுதான்.

பதிவில் முதலில் டி.என்.எஸ். கேள்விகளை (தளப் பெயருக்கு ஐ.பி. முகவரி கேட்பது) பாருங்கள். அமைக்கப்பட்ட டி.என்.எஸ். சர்வரை விட்டு வேறெங்கோ கேட்கிறதா? பெயரே கேட்காமல் நேரே ஓர் ஐ.பி. முகவரிக்குப் போகிறதா? ஒரே இடத்துக்கு, ஏறக்குறைய ஒரே இடைவெளியில், ஒரே அளவு பேக்கெட் போகிறதா? கேமராக்கள் யு.டி.பி. என்ற தரவு அனுப்பும் முறை வழியாக ஃபயர்வாலைத் துளைத்துத் தயாரிப்பாளரின் சர்வரோடு பேசுவது சாதாரணம். வேவு நோக்கம் இல்லாவிட்டாலும் அதை நிறுத்துங்கள், அந்த வழி இன்னொருவருக்கும் வழிதான்.

அளவையும் நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பது முக்கியம். அடிஸ் அபாபாவில் சீனா கட்டிக்கொடுத்து 2012இல் திறந்த ஆப்பிரிக்க ஒன்றியத் தலைமையகத்திலிருந்து, ஆளில்லாத நள்ளிரவு 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையே ஷாங்காய்க்குத் தரவு போய்க்கொண்டிருந்ததாக 2018இல் 'லெ மோந்த்' நாளிதழ் எழுதியது. சீனா மறுத்தது. உண்மை எதுவானாலும், அந்தச் செய்தி சொன்ன அடையாளம் எங்கும் தேட வேண்டியது: கட்டடம் தூங்கும்போது விழித்திருக்கும் போக்குவரத்து.

ஃபர்ம்வேர் கோப்பின் எஸ்.ஹெச்.ஏ-256 எண்ணை (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) சரிபாருங்கள். எண்ணைக் கோப்பு வந்த வழியில் பெறாமல் வேறு வழியில் பெறுங்கள். நடுவழியில் யாரும் மாற்றவில்லை என்பதை மட்டுமே இது காட்டும். சோலார்விண்ட்ஸ் அப்டேட்டில் அந்நிறுவனத்தின் முறையான மின் கையொப்பம் இருந்தது, சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் அதை இறக்கிக்கொண்டார்கள்.

வேலையில் இறக்கும்போது

வெளியே போகும் வழி எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகத் திறங்கள். நேரம், டி.என்.எஸ்., லாக் (நிகழ்வுப் பதிவு) மூன்றையும் உங்கள் வலைக்குள்ளேயே கொடுங்கள். ஐ.பி. பதிப்பு 4க்கு மட்டும் விதி எழுதி, பதிப்பு 6ஐத் திறந்து வைத்திருப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. மேலாண்மைப் போர்ட்டுகள் தனி வலையில் இருக்கட்டும். தயாரிப்பாளரின் பொறியாளர் நுழைய வேண்டுமானால், நடுவில் ஒரு கணினி வழியாக, குறித்த நேரத்துக்கு மட்டும், திரைப் பதிவோடு நுழையட்டும். வேலை முடிந்த அன்றே கணக்கை மூடுங்கள்.

லாக் உடனுக்குடன் வேறொரு நிறுவனம் தயாரித்த உங்கள் கணினிக்குப் போக வேண்டும், ஓராண்டாவது இருக்க வேண்டும்.

அடுத்தவர் கேபிளையோ ரவுட்டரையோ கடக்கும் தரவை, உங்கள் சாவியால் பூட்டி (சங்கேதமாக்கி) அனுப்புங்கள். பூட்டும் கருவி, கடத்தும் கருவியின் தயாரிப்பாளருடையதாக இருக்கக் கூடாது. அமெரிக்க நிறுவனமான ஜூனிபரின் ஃபயர்வால்களில் வி.பி.என். (பூட்டிய தனிப் பாதை) பூட்டையே திறக்கவல்ல அந்நிய நிரல் இருந்தது 2015 டிசம்பரில் தெரிந்தது. மிக முக்கியமான தரவுக்கு இரு வேறு நிறுவனங்களின் பூட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடலாம். வயர்கார்டு என்ற வி.பி.என். மென்பொருள் ஒவ்வொரு பேக்கெட்டிலும் 60 முதல் 80 பைட் எடுத்துக்கொள்ளும், எம்.டி.யு.வை (ஒரு பேக்கெட்டின் உச்ச அளவை) 1420 பைட்டுக்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் சிறிய தளங்கள் திறக்கும், பெரிய கோப்புகள் பாதியில் நிற்கும். அப்போது 'பூட்டுதான் தொல்லை' என்று யாராவது அதை அணைத்துவிடுவார்கள். பூட்டிய பாதையின் இரு முனைகள் எப்போது எவ்வளவு பேசின என்பதைப் பூட்டு பொதுவாக மறைக்காது.

ஏதாவது அகப்பட்டால்

உடனே பிடுங்காதீர்கள். ஏதென்ஸில் அதுதான் நடந்தது: மென்பொருளை அவசரமாக நீக்கியதும் எதிராளி உஷாரானார், ஒட்டுக்கேட்ட அழைப்புகள் போய்ச் சேர்ந்த செல்பேசிகள் அணைந்தன, ஆளைப் பிடிக்கும் வாய்ப்பு போனது. முதலில் உண்மையான ரகசியத் தரவை வேறு பாதைக்கு மாற்றி, கருவியைச் சாதாரணப் போக்குவரத்தோடு ஓட விடுங்கள். இதைப் பற்றிய பேச்சு எதுவும் அந்த வலையில் உள்ள மின்னஞ்சலிலோ தொலைபேசியிலோ நடக்கக் கூடாது. பேக்கெட் பதிவுகளின் எஸ்.ஹெச்.ஏ-256 எண்ணை எடுத்துக் காகிதத்தில் எழுதி, இருவர் கையொப்பமிட்டுத் தேதி போடுங்கள். கருவியின் நினைவகத்தை நகலெடுக்கும்வரை மின்சாரத்தை நிறுத்தாதீர்கள், நினைவகத்தில் மட்டும் வாழும் நிரல் ஒரு முறை அணைத்தாலே அழிந்துபோகும்.