‘நல்ல ஊசியா ஒண்ணு போட்டு விடுங்க’: ஆன்டிபயாடிக் ஊசியில் நடக்கும் தவறுகள்

சம்பா நடவு நேரத்தில் காய்ச்சலோடு வருகிறவர்கள் ஸ்டூலில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்: “சிஸ்டர், மாத்திரையெல்லாம் வேணாம். நல்ல ஊசியா ஒண்ணு போட்டு விடுங்க, நாளைக்கு நடவுக்குப் போவணும்.” மன்னார்குடிப் பக்கம் நர்ஸாக இருந்த காலத்தில் இதைக் கேட்காத வாரமே கிடையாது. குறை சொல்லவும் மனம் வராது. படுத்தால் கூலி போச்சு. ஆனால் ஊசி என்பது வீரியம் கூடிய மாத்திரை இல்லை. மருந்து உள்ளே போக இன்னொரு வழி, அவ்வளவுதான். வாந்தி நிற்காதவருக்கும், கிருமி ரத்தத்தில் பரவியவருக்கும் அந்த வழி உயிரைக் காக்கும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மாத்திரையே போதும்.

இன்ன காய்ச்சல் என்று தெரியாமல் ஊசி போட்டுக்கொள்வதுதான் நான் பார்த்ததில் பெரிய தவறு. டெங்கு வைரஸ், ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் டெங்குவில் குறைந்த நேரத்தில் இடுப்பில் குத்தினால் உள்ளுக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். எலிக்காய்ச்சல் முற்றினால் பென்சிலினோ செஃப்ட்ரியாக்சோனோ ஊசியாகப் போகத்தான் வேண்டும். ஸ்க்ரப் டைஃபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சல் கதை வேறு. ஒரு அம்மா ஐந்து நாள் வெளியில் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்காமல் வந்தார். புடவைக் கொசுவத்தைத் தளர்த்திப் பார்த்தால், இடுப்பு மடிப்பில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு. வலி இல்லாததால் அவரே கவனிக்கவில்லை. புல் புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி கடித்த தடம் அது. அந்தக் கிருமி நம் செல்லுக்குள் புகுந்து வாழ்வது. செஃப்ட்ரியாக்சோன், ஜென்டாமைசின் ஆன்டிபயாடிக் ஊசிகள் அதை ஒன்றும் செய்யாது. டாக்டர் எழுதியது டாக்ஸிசைக்ளின் மாத்திரை. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது.

அடுத்தது கலக்குவது. மெடிக்கலில் வாங்கி, தெரிந்த கம்பவுண்டரை வீட்டுக்குக் கூப்பிட்டுப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இன்னும் போகவில்லை. செஃப்ட்ரியாக்சோன் 2014 மார்ச் முதல் ஷெட்யூல் ஹெச்1 பட்டியலில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். பொடியாக வரும் இந்த மருந்தைத் தசையில் போடும்போது வலி குறைய லிக்னோகெய்ன் என்கிற மரத்துப்போகும் மருந்தில் கரைப்பார்கள். அப்படிக் கரைத்ததை நரம்பில் ஏற்றவே கூடாது. ட்ரிப்ஸாக ஏற்றும் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) பாட்டிலில் கால்சியம் இருக்கிறது. அது ஓடும் ட்யூபிலேயே இந்த மருந்தைச் செலுத்தினால் இரண்டும் சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து படியும். “உடம்பு அசதியா இருக்கு, கூடவே ஒரு கால்சியமும் ஏத்துங்க” என்று கேட்பவர்களுக்கு இது தெரியாது, பாவம். பிறந்து 28 நாளுக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தச் சேர்க்கை உயிருக்கே ஆபத்து.

ஜென்டாமைசின் சிறுநீரகத்தையும் காதையும் பதம் பார்க்கும். வயல் வேலை முடிந்து தினமும் உடம்புவலி மாத்திரை போடுகிறவர் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் கிட்னிக்கு இரட்டை அடி. செஃபோபெரசோன் என்கிற ஆன்டிபயாடிக் ஊசி போட்டவர் மூன்று நாளைக்காவது டாஸ்மாக் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து வாந்தி எடுப்பார்.

ஊசி போட்ட கையோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களிடம் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். போன தடவை ஒன்றும் ஆகவில்லை, டெஸ்ட் ஊசியில் தடிக்கவில்லை என்பதெல்லாம் உத்தரவாதம் ஆகாது. உடம்பெல்லாம் அரிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்று ஒவ்வாமை வந்தால் உடனே தொடையில் அட்ரினலின் ஊசி போக வேண்டும். அது கைவசம் இல்லாத இடத்தில் ஆன்டிபயாடிக் ஊசியே போட்டுக்கொள்ளாதீர்கள். முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் “ஏதோ வெள்ளை மருந்து” என்று சொன்னால் யாருக்கும் புரியாது. பெயரை எழுதி ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நாள் எழுதியதை இரண்டு நாளில் விட்டுவிட்டு, மிச்சத்தைப் பிரிட்ஜில் வைத்து அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுப்பதும் நடக்கிறது. பசுவுக்குப் போட்டவரையும் பார்த்திருக்கிறேன். மருந்து கலந்த அந்தப் பாலை அன்றைக்கே சொசைட்டியில் ஊற்றியும் இருந்தார்.