ஐரிஷ் காக்டெயில் விருந்து: வீட்டில் நடத்துபவர்கள் செய்யும் தவறுகள்

ஐரிஷ் பானங்கள் என்று இணையத்தில் தேடினால் வரும் பட்டியல்களில் ஒரு பானத்தின் பெயர் 'ஐரிஷ் கார் பாம்'. கின்னஸ் பீர் நிரம்பிய கிளாஸுக்குள், விஸ்கியும் கிரீம் மதுவும் ஊற்றிய சின்னக் கிளாஸை அப்படியே போட்டு, மடமடவென்று குடிப்பார்கள். பெயர் வைத்தது அமெரிக்காவில். உங்கள் விருந்தில் இந்தப் பெயர் வேண்டவே வேண்டாம். 1974 மே 17 அன்று அயர்லாந்தின் டப்ளினிலும் மோனகனிலும் கார் குண்டுகள் வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1998 ஆகஸ்ட் 15 அன்று வட அயர்லாந்தின் ஓமா ஊர்க் கடைத்தெருவில் இன்னொரு கார் குண்டுக்கு 29 பேர். அவர்களில் ஒருவர் வயிற்றில் இரட்டைக் குழந்தைகளோடு இருந்த தாய். அந்தக் குடும்பங்கள் இன்னும் அந்தத் துயரோடுதான் வாழ்கின்றன. யாரோ ஒருவருடைய இழவை நம் வீட்டு மெனுவில் எழுதக் கூடாது.

'பிளாக் அண்ட் டேன்' என்ற பெயரும் அப்படித்தான். கறுப்பு பீரையும் வெளிர் பீரையும் அடுக்கி ஊற்றுவது. 1920-இல் அயர்லாந்தின் விடுதலைப் போரை ஒடுக்க பிரிட்டன் இறக்கிய படையை மக்கள் இந்தப் பெயரில்தான் அழைத்தார்கள். வீடுகளையும் ஊர்களையும் எரித்த படை அது. பானத்தை விட வேண்டாம், அங்கே சொல்வதுபோல 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' என்று சொல்லுங்கள்.

அடுத்தது அயர்லாந்தின் அடையாள நிறமான பச்சை. பீரில் பச்சைச் சாயம் கலப்பது அமெரிக்கப் பழக்கம். நாக்கும் பல்லும் பச்சையாவதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. சுவரில் இலை ஒட்டுவதானால், அயர்லாந்தின் சின்னமான ஷாம்ராக் செடி மூன்று இலை கொண்டது, நாலு இலை அல்ல. மேசையில் பச்சை கொஞ்சம் போதும். பெரியவர்கள் உட்கார்ந்து பேசும் மாலைக்கு மெழுகுவத்தி வெளிச்சமும், பேச்சை அமுக்காத அளவில் ஃபிடில் என்ற வயலினும் டின் விசில் என்ற தகரக் குழலும் ஒலித்தால் நிறைவாக இருக்கும்.

கைக்கு வந்த ஸ்காட்ச்சை ஊற்றுவது இன்னொரு தவறு. ஐரிஷ் விஸ்கி பெரும்பாலும் மூன்று முறை காய்ச்சி வடிப்பது, புகை வாசனை இல்லாதது. முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத பார்லியும் சேர்த்துச் செய்யும் 'பாட் ஸ்டில்' வகை அயர்லாந்தின் தனிச்சொத்து. அந்த மெல்லிய காரம் எலுமிச்சையோடும், மூலிகை சேர்த்த ஒயினான இனிப்பு வெர்மூத்தோடும் நன்றாகச் சேரும். புகை நாறும் ஸ்காட்ச் அதே கலவையை விழுங்கிவிடும்.

இனி ஐரிஷ் காபி. பலர் சறுக்கும் இடம் இதுதான். லிமரிக் மாவட்டத்தின் ஃபாய்ன்ஸ் கடல் விமான நிலையத்தில், குளிரில் நடுங்கி வந்த பயணிகளுக்காக ஜோ ஷெரிடன் என்ற சமையல்காரர் 1940-களில் கொடுத்த பானம் இது. 1952-இல் சான் பிரான்சிஸ்கோவின் புவெனா விஸ்டா கடையில் இதைச் செய்து பார்த்தவர்களுக்கு கிரீம் மிதக்காமல் மூழ்கிக்கொண்டே இருந்தது. நம் வீட்டிலும் அதேதான் நடக்கும். முதலில் கிளாஸில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டுங்கள். ஒரு டீஸ்பூன் சர்க்கரை, 120 மில்லி சூடான கடுங்காபி, கரையும்வரை கலக்குங்கள். பிறகு 50 மில்லி விஸ்கி. சர்க்கரையைக் குறைக்க ஆசை வரும். ஆனால் அதுதான் காபிக்கு அடர்த்தி தந்து கிரீமைத் தாங்குகிறது. கிரீம் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வர வேண்டும். அதைத் தோசைமாவு பதத்துக்கு, ஊற்றினால் மெதுவாக வழியும் அளவுக்கு மட்டும் அடியுங்கள். ஸ்பூனைக் கவிழ்த்துக் காபியின் மேல் பிடித்து, அதன் முதுகில் ஊற்றினால் வெள்ளை ஆடைபோல் படரும். டின்னிலிருந்து பீய்ச்சும் கிரீம் வேண்டாம், நுரையாகக் கரைந்துவிடும். கடைசியாக, விருந்தாளி கையில் ஸ்பூனைக் கொடுக்காதீர்கள். குளிர்ந்த கிரீமின் வழியாகச் சூடான காபி உதட்டுக்கு வருவதுதான் இதன் சுகம்.

பெய்லிஸ் போன்ற கிரீம் மதுவில் எலுமிச்சை பிழிந்தால் பால் திரிவதுபோல் திரிந்துபோகும். அதைத் தனியாக ஐஸோடு கொடுங்கள்.

எட்டு வகை காக்டெயில் வைத்துக்கொண்டு, மாலை முழுக்க ஷேக்கரோடு நின்றால் வந்தவர்களிடம் பேசுவது யார்? மூன்று போதும். டிப்பரரி என்ற காக்டெயிலை முந்தின நாளே கலந்து வைக்கலாம்: ஐரிஷ் விஸ்கி, இனிப்பு வெர்மூத், கொஞ்சம் பச்சை ஷார்ட்ரூஸ் என்ற மூலிகை மது. ஐஸில் கலக்கும்போது உருகிச் சேரும் நீருக்கு ஈடாக, மொத்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து பாட்டிலில் குளிரவையுங்கள். எலுமிச்சை சேரும் பானத்தை மட்டும் அப்போதைக்கப்போது செய்யுங்கள். கண்ணளவு ஆகாது. அயர்லாந்து மதுக்கடையில் ஒரு அளவு என்பது 35.5 மில்லி. பெக்கென்றால் 60 ஊற்றிப் பழகிய கை அளவுக் கோப்பை இல்லாமல் நிற்காது.

சாப்பாட்டைச் சிப்ஸோடு முடிக்காதீர்கள். மோர் சேர்த்துச் செய்த சோடா பிரெட், வெண்ணெய், புகையூட்டிய சால்மன், கேஷல் ப்ளூ சீஸ் இவை மேசையில் முதலிலேயே இருக்கட்டும். கார்ன்ட் பீஃப் என்ற உப்பிலிட்ட மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் அமெரிக்காவுக்குக் குடியேறிய ஐரிஷ்காரர்களின் வழக்கம்.

குடிக்காதவரை வற்புறுத்துவது எந்த ஊரிலும் மரியாதை இல்லை. 1898-இல் டப்ளினில் தொடங்கிய பயனியர் சங்கத்தார் மதுவைத் தொடமாட்டோம் என்று உறுதி எடுத்து, சட்டையில் சின்னம் குத்திக்கொள்வார்கள். ஆகவே மது இல்லாத கிளாஸும் ஐரிஷ் மரபில் சேர்ந்ததே. அதையும் அதே அழகான கிளாஸில் கொடுங்கள்.

ஐரிஷ் காபி கடைசியாக வருவதால் ஓர் ஆபத்து உண்டு. காபி தூக்கத்தை விரட்டும், போதையை இறக்காது. அதைக் குடித்துவிட்டுத் தெளிந்துவிட்டதாக நம்பிக் கார் சாவியை எடுப்பவர் கையிலிருந்து அதை வாங்கி வைத்துவிட்டு, டாக்ஸிக்குச் சொல்லுங்கள்.